அறுபதுக்கு மேல் அரிச்சுவடி

(நூலக வார விழாவொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியைக் குறித்துப் பேச எழுந்தவர் எவராயினும் திருக்குறளில் ஒன்றை எடுத்துச் சொல்லித் தொடங்குவது நம் மேடைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் சம்பிரதாயம். இன்று அதை நான் அனுசரிக்கவில்லை. யாரைக் குறித்துப் பேச வந்திருக்கிறேனோ அந்தப் பெரியவர்கள் குறளைச் செவிவழியாகக் கேட்டுத் தலையசைத்திருப்பார்களே அன்றி, அச்சிட்ட புத்தகத்தில் அது இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்ட இயலாதவர்கள். அவர்கள் இல்லாத சபையில் அவர்களுக்கு எட்டாத ஒன்றைச் சொல்லி நாம் மட்டும் சந்தோஷப்படுவது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

உலகத்தில் எழுத்தறியாத வயதுவந்தோர் எழுபது கோடிக்கு மேற்பட்டவர்கள் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்றும் யுனெஸ்கோ ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. நம் தேசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அறுபது வயதைக் கடந்தவர்களில் எழுத்தறிந்தோர் 1991ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு 27 பேர். 2011ஆம் ஆண்டின் கணக்குப்படி 44 பேர். இருபது வருஷங்களில் இவ்வளவு அபிவிருத்தியா என்று வியப்பதற்கு முன்னர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். 1991இல் அறுபதைக் கடந்திருந்தவர்கள் 1931க்கு முன் பிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த இருபது வருஷங்களுக்குள் மண்ணுலகை நீத்துவிட்டார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தவர்களோ, சிறுவயதில் ஏதோ சிறிதளவு பள்ளிக்கூடத்தைக் கண்டு, பின்னர் அறுபதை எட்டியவர்கள். ஆகவே இந்த உயர்வில் பெரும்பங்கு முதியவர்கள் கற்றதனால் வந்தது அன்று. கல்லாத முதியவர்கள் இறந்ததனால் வந்தது. வெளிப்படையாக எந்தச் சர்க்காரும் இப்படி ஒரு திட்டத்தை எழுதிவைத்ததில்லை என்றாலும், எழுத்தறியாமையை ஒழிக்கும் பொறுப்பில் ஒரு பெரும்பகுதியைக் கல்வி இலாகாவிடமிருந்து எடுத்துக் காலனிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதே என் அபிப்பிராயம். அதிலும் 2011இல் முதிய ஆண்களில் நூற்றுக்கு 59 பேர் எழுத்தறிந்திருக்க, முதிய பெண்களில் 28 பேரே எழுத்தறிந்திருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டெஹ்ரான் நகரத்தில் உலகத்துக் கல்வி மந்திரிகள் கூடினார்கள். அந்த மகாநாடு தொடங்கிய செப்டம்பர் 8ஆம் தேதியைத்தான் இன்று சர்வதேச எழுத்தறிவு தினமாகக் கொண்டாடுகிறோம். அங்கே பிரபலமடைந்த கொள்கை என்னவென்றால், எழுத்தறிவைத் தொழிலோடும் உற்பத்தியோடும் பிணைக்க வேண்டும், பயிர் செய்கிறவனுக்கு உரமூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும், ஆலைத் தொழிலாளிக்கு இயந்திரத்தின் குறிப்புத் தெரிய வேண்டும், அப்போதுதான் எழுத்தறிவுக்குச் செலவிட்ட பணம் தேசத்துக்குத் திரும்பி வரும் என்பது. பதினொரு நாடுகளில் அதைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். கொள்கையளவில் இதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் உற்பத்திக்கு எவ்வளவு உதவும் என்று அளந்து கல்வியைக் கொடுக்கத் தொடங்கியவுடனே, உற்பத்தி செய்யும் காலத்தைக் கடந்தவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவதும், பிறகு வரிசையிலேயே இல்லாமல் போவதும் தவிர்க்க முடியாதவை. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, மகாத்மாவின் பிறந்த தினத்தில், நம் தேசத்தில் தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையில் உள்ளவர்களைக் குறியாக வைத்தது. பத்து வருஷங்களுக்குப் பின் 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே கோட்டைத்தான் கிழித்தது. முப்பத்தாறு வயதுள்ள ஒரு ஸ்திரீ, பேரப்பிள்ளை எடுக்க இன்னும் பல வருஷங்கள் இருக்கும்போதே, கற்பதற்கு வயது கடந்தவளாகக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டாள். பின்வந்த திட்டங்கள், 2022இல் தொடங்கியது உட்பட, பதினைந்துக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்துக்கொண்டு இந்த மேல் எல்லையை நீக்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் சட்டத்தில் கதவைத் திறந்துவைப்பது வேறு, கண் மங்கிய கிழவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவருவது வேறு.

அப்படி அழைத்துவந்தவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் 1989ஆம் ஆண்டு எர்ணாகுளம் ஜில்லாவில் சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்னும் அறிவியல் இயக்கமும் ஜில்லா நிர்வாகமும் சேர்ந்து முழு எழுத்தறிவு முயற்சி ஒன்றைத் தொடங்கியபோது, அறுபது வயது வரையில் உள்ளவர்களை அழைத்தார்கள். சுமார் 20,000 தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே, எவரும் எதிர்பாராத ஓர் இடையூறு எதிர்ப்பட்டது. மூத்த மாணாக்கர்கள் பலர் பாடத்தை உற்று உற்றுப் பார்க்கிறார்கள். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எழுத்துப் பிடிபடவில்லை. மந்த புத்தி என்று நினைத்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். புத்தியில் குறை எதுவும் இல்லை, கிட்டத்துப் பார்வைதான் இல்லை என்று பிறகு தெரிந்தது. நாற்பதைக் கடந்த எந்த மனிதருக்கும் கண்ணின் உள்வில்லை இறுகிக் கிட்டத்துப் பொருள் மங்குவது இயற்கை; படிக்கிறவனுக்கு அது உடனே தெரிந்து மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொள்கிறான், படியாதவனுக்கோ அது தெரிவதற்குச் சந்தர்ப்பமே இல்லை. கதிரறுக்கவும் மாடு மேய்க்கவும் அந்தப் பார்வை தேவைப்படவில்லை. ஆகவே பொதுஜனங்களிடம் மூக்குக் கண்ணாடிகளை நன்கொடையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்து வகுப்பை நடத்தினார்கள். வயதான பிறகு மூளையில் எதுவும் ஏறாது என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுவதில் எத்தனை பங்கு மூளையைச் சேர்ந்தது, எத்தனை பங்கு கண்ணையும் காதையும் வெளிச்சத்தையும் சேர்ந்தது என்று எவராவது பிரித்துப் பார்த்தோமா?

1990ஆம் ஆண்டு பிப்ரவரியில் எர்ணாகுளமும், 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாகப் பிரகடனம் செய்யப்பட்டன. கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில் அந்தப் பிரகடனத்தைச் செய்தவர் மந்திரியோ கவர்னரோ அல்லர். மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும், அந்த இயக்கத்தில் எழுத்தறிந்த அம்மையார். அதே காலத்தில் நம் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்ட வரலாறு தனியே ஒரு பிரசங்கத்துக்கு உரியது.

அந்தக் காலத்து வகுப்பொன்றில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். இராந்தல் வெளிச்சத்தில், கோயில் மண்டபத்துத் திண்ணையில், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பதினைந்து இருபது பேருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் பாடப் புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். “என்ன அப்பத்தா, தெரியுதா?” என்று கேட்டாள் பெண். “என்னத்தத் தெரியுது கண்ணு, எறும்பு ஊர்ற மாதிரித்தான் இருக்கு” என்றார் அவர். சிலேட்டைக் கொடுத்தபோது வேறொரு சிரமம். வாழ்நாளெல்லாம் அரிவாளும் களைக்கொத்தும் பிடித்த கை, பலப்பத்தை அதே பலத்துடன் அழுத்தவே, அது இரண்டாக ஒடிந்தது, அடுத்ததும் ஒடிந்தது. சிறுபிள்ளைக்குக் கையில் வலுவில்லை என்று கவலைப்படுகிறோம். இங்கே வலு மிஞ்சிவிட்டது. ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது பின்னர் நடந்தது. படித்தவர்களே தடுமாறும் ரெண்டு சுழி ‘ன’வையும் மூணு சுழி ‘ண’வையும் அந்த அம்மாள் ஒரு தடவைகூட மாற்றி எழுதவில்லை. விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்து, எந்தப் புள்ளியை எத்தனை வளைவு சுற்ற வேண்டும் என்று அறுபது வருஷமாக எண்ணிப் பழகிய கண்ணுக்குச் சுழியை எண்ணுவது ஒரு பிரமாதமா? அதே பழக்கத்தினால் எழுத்தை எந்த முனையில் வேண்டுமானாலும் தொடங்குவார். கோலத்தில் அது குற்றமில்லை அல்லவா! அந்தப் பெண் அதைத் திருத்தாமல் விட்டாள். நல்ல ஆசிரியை என்று அப்போதே எண்ணிக்கொண்டேன். வெறும் பலகையோடு வரும் குழந்தைக்குக் கற்பிக்கும் முறையை, இவ்வளவு அப்பியாசங்களோடு வருகிறவர்களுக்கு அப்படியே பிரயோகிப்பது வீண் வேலை.

கேரளத்தில் மறுபடியும் 2018ஆம் ஆண்டில், விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்து ‘அட்சரலட்சம்’ என்னும் திட்டத்தின்கீழ்ப் பரீட்சை வைத்தார்கள். ஆலப்புழை ஜில்லாவிலிருந்து வந்து அதை எழுதிய கார்த்தியாயினி அம்மாளுக்கு அப்போது பிராயம் 96. பள்ளிக்கூடம் கண்டதில்லை, வீட்டு வேலை செய்தும் கோயில்களில் பெருக்கியும் ஜீவனம் நடத்தியவர். அவர் மகள் அறுபதாவது வயதில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறியதைப் பார்த்து ஆசை பிறந்ததாம். நூற்றுக்கு 98 வாங்கினார். இவ்வளவு படித்தும் கேள்விகள் மிகச் சுலபமாக வந்துவிட்டன என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. பரீட்சை மண்டபத்தில் அருகில் இருந்த, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் இந்த அம்மாளின் விடைத்தாளை எட்டிப் பார்க்கும் புகைப்படமும் வெளிவந்தது. பாஸ் செய்யவேண்டும் என்ற அந்தக் கவலை இருக்கிறதே, அதில் எட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் வித்தியாசம் இல்லை. முதியவர்களுக்குப் பரீட்சை எதற்கு என்று சில கல்வி நிபுணர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் முதியவர்களைக் கேட்டுவிட்டுச் சொன்னால் நல்லது. 2020ஆம் ஆண்டு மகளிர் தினத்தில் ஜனாதிபதியின் கையால் நாரீ சக்தி விருது பெற்ற அந்த அம்மையார், 2023இல் நூறு வயதைக் கடந்து காலமானார்.

இனி, கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். கீன்யா தேசத்து அரசாங்கம் 2003ஆம் ஆண்டில் ஆரம்பக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. மறு வருஷம் ஜனவரி மாதத்தில், எல்டொரெட் என்னும் ஊருக்கு அருகில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில், கிமானி மாருகே என்னும் 84 வயதுக் கிழவர், கால்சட்டையும் முழங்கால் வரையிலான காலுறையும் அணிந்து, ஒன்றாம் வகுப்பில் சேர வந்து நின்றார். அறிவித்தது எல்லோருக்கும்தானே என்பது அவர் வாதம். அந்தப் பள்ளியில் அவர் பேரப்பிள்ளைகளே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தில் ஈடுபட்டவர் அவர். அதற்கு நஷ்டஈடு என்றேனும் வந்தால் ஏமாறாமல் எண்ணி வாங்க வேண்டும் என்பது அவர் சொன்ன ஒரு காரணம். பைபிளைத் தாமே படித்து, பிரசங்கி சொல்வதெல்லாம் உண்மையாகவே அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. உற்பத்தியைப் பெருக்குவதாக அவர் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. 2005இல் முதன்முறையாக விமானம் ஏறி நியூயார்க்குக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையில் இலவசக் கல்விக்காகப் பேசினார். 2007ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்து நேர்ந்த கலவரங்களில் உடைமைகளை இழந்து அகதி முகாமில் தங்கியிருந்தபோதும் அங்கிருந்தே பள்ளிக்கு நடந்தார். 2009இல் காலமானார்.

இந்த மனிதரை எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. ஆயினும் ஆறு வயதுக் குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடித்துக்கொண்டு ஒரு முதியவர் உட்கார வேண்டியிருந்தது அவருடைய பெருமையே அன்றி அந்தத் தேசத்துக் கல்வி ஏற்பாட்டின் பெருமை அன்று. முதியவர்களுக்கென்று அமைந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் தாணே ஜில்லாவில் பாங்கணே என்னும் சிற்றூரைக் காட்டலாம். அவ்வூர் ஆசிரியர் யோகேந்திர பாங்கர் என்பவரிடம், புண்ணிய நூல்களைத் தாங்களே வாசிக்க முடியவில்லையே என்று கிழவிகள் குறைப்பட்டுக்கொள்ள, 2016ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி பாட்டிமார் பள்ளி ஒன்று அங்கே தொடங்கிற்று. சமையலும் வீட்டு வேலையும் முடிந்த பிற்பகலில்தான் வகுப்பு. அறுபதிலிருந்து தொண்ணூறு வரையில் வயதுள்ளவர்கள், இளஞ்சிவப்புப் புடவையைச் சீருடையாகக் கட்டிக்கொண்டு, பையில் சிலேட்டுடன் வருகிறார்கள். விதவையான ஸ்திரீகள் வர்ணப் புடவை கட்டத் தயங்கும் வழக்கமுள்ள தேசத்தில் இந்தச் சீருடையைத் தேர்ந்தெடுத்தவர் புத்திசாலி. மருமகள் ஆசிரியையாகவும் மாமியார் மாணவியாகவும் ஒரே வகுப்பில் அமைந்த விநோதமும் அங்கே உண்டு. வீட்டில் அதன் பலன் எப்படியிருந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

செல்வ நாடுகளில் முதியோர் கல்விக்கு வேறு உருவம் உண்டு. பிரான்ஸ் தேசத்தில் டூலூஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் 1973இல் ஓய்வுபெற்றவர்களுக்கென்று தொடங்கிய வகுப்புகள் பல நாடுகளில் பரவின. சீனத்தில் 1983ஆம் ஆண்டு ஜினான் நகரில் முதியோர் பல்கலைக்கழகம் தோன்றி, இன்று தேசம் முழுவதும் அத்தகைய பள்ளிகள் பெருகியிருக்கின்றன. சித்திர எழுத்தும் ஓவியமும் சங்கீதமும் அங்கே விருப்பப் பாடங்கள். இவை முன்பே கற்றவர்கள் மேலும் கற்பதற்கு ஏற்பட்டவை. ஏழை நாட்டு முதியவரின் தேவை இதற்கு ஒரு படி முந்தியது. இவற்றைப் பார்த்து நம் முதியோர் கல்வியை அமைத்தால், பட்டணத்துப் பென்ஷன்தாரர்களுக்கு இன்னொரு சபா கிடைக்கும், அவ்வளவுதான்.

தேவை என்றேன், அதன் கூர்மையை இந்தக் காலத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு இருக்கிறதே என்று ஒரு சமாதானம் முன்னாளில் சொல்லிவந்தோம். இன்று ரேஷன் கடையில் அரிசி வாங்கவும் முதியோர் உதவித்தொகை பெறவும் இயந்திரத்தில் விரல் வைக்கச் சொல்லுகிறார்கள். மண்ணிலும் சிமெண்டிலும் சாம்பலிலும் ஐம்பது வருஷம் புழங்கிய விரலில் ரேகை தேய்ந்துபோய், ‘ரேகை விழவில்லை பாட்டி, நாளைக்கு வா’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கைநாட்டுக்காரர்களேதான். அதற்கு மாற்றாகக் கைப்பேசிக்கு ஓர் எண் வருமாம். அந்த எண்ணை வாசிக்க வேண்டுமாம். வாசிக்கத் தெரியாதவர் கைப்பேசியை யாரிடமாவது நீட்டுகிறார். அந்த யாரோ ஒருவரின் யோக்கியதையைப் பொறுத்திருக்கிறது அவருடைய மாதப் பணம். பத்து இலக்கங்களைத் தாமே படிக்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பராதீனத்தில் ஒரு பங்கு நீங்கும்.

பணமில்லாத தேசம் முதலில் குழந்தைகளைக் கவனிக்கட்டும், கிழவர்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானவர்களிடமிருந்தே வருகிறது. தாய் தந்தையர் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்குப் போய்விட்ட வீடுகளில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் பாட்டிதான் என்றும், எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளில் பலரைப் பாட்டிமாரே வளர்த்தார்கள் என்றும், ஆகவே பாட்டிக்குக் கற்பிப்பது பேரனுக்கும் லாபம் என்றும் இதற்கு விடை சொல்லலாம். அது உண்மைதான். என்றாலும் அந்த விடையில் எனக்குத் திருப்தியில்லை. பேரனே இல்லாத கிழவிக்கு அப்போது என்ன சொல்வது? லாபக் கணக்கை நாமும் ஒப்புக்கொண்டு வாதாடினால், டெஹ்ரானில் விழுந்த அதே கோட்டுக்குள்தான் திரும்பவும் போய் நிற்போம். செலவைப் பற்றிய பயத்துக்கும் ஆதாரம் போதாது. எர்ணாகுளத்தில் கற்பித்தவர்கள் சம்பளம் வாங்கவில்லை. பாங்கணேயில் பெரிய கட்டடம் எதுவும் எழவில்லை. கண் பரிசோதனை, ஒரு மூக்குக் கண்ணாடி, பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம், பகலில் கூடுவதற்கு ஒரு நிழல், பொறுமையுள்ள ஒரு பெண்: நிதி மந்திரி அஞ்சும்படியாக இதில் என்ன இருக்கிறது?

உண்மையான கஷ்டம் கற்ற பிறகுதான் தொடங்குகிறது. புதிதாகப் பிடிபட்ட எழுத்து, வாசிக்க ஒன்றும் இல்லாவிட்டால், ஓரிரு வருஷங்களில் நழுவிவிடும். அறிவொளிக் காலத்தில் கற்றவர்கள் பலருக்கு அப்படித்தான் நேர்ந்தது. நூலக வாரத்தில் பேசுகிறேன் ஆதலால் இதைச் சற்று உரிமையோடு சொல்லுகிறேன். கேரளத்து நூலகச் சங்கத்தார் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்தபின் வாங்கிவரும் ஏற்பாடு ஒன்றை நடத்துகிறார்கள். நமக்கு அது புதிதன்று. 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிக்கு அருகில் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் அதற்கு ஊக்கம் தந்தார். 1948இல் பொது நூலகச் சட்டத்தைச் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக இயற்றியதும் நம் ராஜதானிதான். இந்த மண்டபத்துக்குப் பின்னால் உள்ள நூலகத்தில், வருவதற்கு முன் சிறிது நேரம் அலமாரிகளைப் பார்த்துவந்தேன். பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தன. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் ஒரு காலத்தில் சந்தைக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைத்த நாட்டில் இது நேர்ந்திருக்கிறது. அந்த அச்சுக்கூடக்காரர்களுக்கு மங்கிய கண்ணும் புதிய எழுத்துக்கூட்டலும் உள்ளவர்கள் தங்கள் வாசகர்கள் என்பது தெரிந்திருந்தது. நூலகர் அவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். அடுத்த வருஷத்துப் புத்தகக் கொள்முதலில் ஓர் அலமாரியை இதற்கென்று ஒதுக்கவும், வாரம் ஒருநாள் பிற்பகலில் இந்த மண்டபத்தைத் திறந்துவிடவும் அவர்கள் சம்மதிப்பார்களாயின், கற்பிப்பதற்கு ஆள் சேர்த்துக்கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பார்க்கலாம்.